கிட்டார் ஸ்கேல் வேகம் 112-ல் நின்றுவிட்டது: இது கையின் எல்லையா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இரண்டு வருடமாக மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையைப் பழகுகிறீர்கள், ஒரு கம்பிக்கு மூன்று நோட் (ஸ்வரம்) வீதம். மெட்ரோனோமை (நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று தட்டும் தாளக் கருவி) 60-ல் வைத்து ஆரம்பித்து, இரண்டு இரண்டாக ஏற்றி, 112 வரை வந்தாயிற்று. பீட்டுக்கு நாலு நோட். அதற்கு மேல் நாலு மாதமாக நகரவில்லை. 116 வைத்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. தினமும் இரவு வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருகிறீர்கள். சுண்டுவிரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன்கை இறுகிக் கல்லாகிறது. இதைவிட நல்ல பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "என் விரல்கள் குட்டை, 26 வயதில்தான் கிட்டாரையே தொட்டேன்." உங்கள் கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இது என் கையின் எல்லையா என்பதுதான் நீங்கள் கேட்பது.

இல்லை. 22 வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். இதே 105-க்கும் 120-க்கும் நடுவில் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் விரல் வேகம் போதாமல் நின்றவர்கள் மிகக் குறைவு. என்னை நம்ப வேண்டாம், நீங்களே பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 112-ல் பீட்டுக்கு நாலு என்றால் நொடிக்கு ஏழரை நோட். ஒரு நோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 134 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. இப்போது மூன்றாவது கம்பியை (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி) இடது கையால் அமுக்காமல் சும்மா தொட்டு, ஒலி எழாதபடி மங்கவைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் கீழே மேலே கீழே மேலே என்று அடியுங்கள். மெட்ரோனோம் 140. நாலு பீட் தாக்குப்பிடித்தால் போதும். பெரும்பாலும் முடியும். அடுத்து வலது கையை மடியில் வைத்துவிட்டு, அதே கம்பியில் 7, 9, 10, 9 என்ற ஃப்ரெட்களில் (கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டங்கள்) இடது கை விரல்களை மட்டும் ஹாம்மர்-ஆன் (விரலைக் கம்பியில் தட்டியே ஒலி எழுப்புவது), புல்-ஆஃப் (விரலைச் சுண்டி எடுத்து ஒலி எழுப்புவது) முறையில் ஓட்டுங்கள். இதுவும் 130-ஐ எட்டிவிட வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக இரண்டு கையும் சேர்ந்து, அதே கம்பியில், அதே நாலு நோட். இங்கே கொஞ்சம் தடுமாறலாம். கடைசியாக, மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவது கம்பிக்குப் போகும் ஆறு நோட்களை மட்டும் தனியே எடுத்து வாசியுங்கள். முதல் மூன்று சோதனையிலும் 130-ஐத் தாண்டிய கை இங்கே 112-ல் உடைந்தால், கோளாறு விரலில் இல்லை. பிக் (கம்பியை அடிக்க வலது கையில் பிடிக்கும் சின்னத் தகடு) ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாக முழு ஸ்கேலையும் ஓட்டி ஓட்டிப் பழகியதில், அந்த ஐந்து தாண்டல்களுக்குக் கிடைத்த கவனம் மிகக் கொஞ்சம்.

இந்தத் தாண்டலை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் நாலு மாதமும் இங்கேதான் சிக்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் இதே புகாரோடு வந்தார். கிட்டாரின் தலைப்பக்கம் இருந்து, கம்பிகளின் வரிசையோடு பார்வை போகும்படி போனை வைத்து ஸ்லோமோஷனில் பிடித்தோம். போனில் நொடிக்கு 240 பிரேம் கிடைத்தது; அவர் வேகத்தில் ஒரு நோட்டுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலே பிரேம்கள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம். மூன்றாவது கம்பியில் கீழ், மேல், கீழ். மூன்றாவது அடி முடிந்ததும் பிக்கின் நுனி மூன்றாவது கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அடுத்த அடி இரண்டாவது கம்பியில் மேல்நோக்கி வர வேண்டும். அதற்கு நுனி இரண்டாவது கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போயாக வேண்டும். போகும் வழியில் கம்பி குறுக்கே நிற்கிறது. அந்த ஒரு தாண்டலுக்காக மட்டும் மணிக்கட்டு வெடுக்கென்று எம்பியது, முழங்கை வரை அசைந்தது, அந்த அதிர்ச்சியில் இடது கைச் சுண்டுவிரலும் விறைத்தது. மெதுவாக வாசிக்கும்போது இந்த எம்பலுக்கு நேரம் இருந்தது. 112-ல் நேரம் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இதன் பின்னால் உள்ள வடிவியல் எளிது. பிக் கம்பிகளின் தளத்துக்குச் சரிசமமாகப் போய்வந்தால், கீழே அடித்தாலும் மேலே அடித்தாலும் நுனி கம்பிகளுக்கு நடுவில்தான் சிக்கும். அதனால் வேகமாக வாசிப்பவர்கள் எல்லோருடைய பாதையும், அவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, கொஞ்சம் சாய்ந்திருக்கும். சிலருக்குக் கீழடி பள்ளத்தில் இறங்கும், மேலடி கம்பிகளுக்கு மேலே காற்றில் வெளியேறும். சிலருக்கு நேர் எதிர். அமெரிக்காவில் ட்ராய் கிரேடி என்பவர் பல தேர்ந்த கலைஞர்களின் வலது கையை மிக அருகிலிருந்து வேகக் கேமராவால் படம்பிடித்து, இந்த வெளியேற்றத்தைத் தெளிவாகப் பெயரிட்டு விளக்கினார். அதற்கு முன் என் போன்ற ஆசிரியர்கள் "மணிக்கட்டைத் தளர்த்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். எதற்காகத் தளர்த்த வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

இதை உங்கள் ஸ்கேலோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் கை மேலடியில் வெளியேறும் வகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பியில் இரண்டோ நாலோ நோட் இருந்தால் கீழடியில் தொடங்கி மேலடியில் முடிப்பீர்கள். பிக் காற்றில் இருக்கும், அடுத்த கம்பிக்குத் தங்குதடையின்றிப் போகும். கம்பிக்கு மூன்று நோட் என்றால் கீழ் மேல் கீழ் என்று முடிந்து மாட்டிக்கொள்ளும். அடுத்த கம்பியில் மேல் கீழ் மேல், அங்கே தப்பித்துக்கொள்ளும். ஆக ஒன்றுவிட்டு ஒரு கம்பியில் மாட்டல். ஸ்கேல் "ஒரு மாதிரி நொண்டுகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அது இதுவாக இருக்கலாம்.

வழிகள் மூன்று. ஒன்று, மூன்றாவது நோட்டைப் பிக்கால் அடிக்காமல் இடது கையால் ஹாம்மர்-ஆன் செய்வது: கீழ், மேல், ஹாம்மர்; அடுத்த கம்பியில் மறுபடி கீழ், மேல், ஹாம்மர். ஒலி கொஞ்சம் வழுக்கலாக இருக்கும், பல இடங்களில் அதுவே அழகு. இரண்டு, மெல்லிய கம்பிகளை நோக்கி ஏறும்போது கீழடியை நிறுத்தாமல் அப்படியே அடுத்த கம்பிக்குள் தள்ளிவிடுவது: கீழ் மேல் கீழ், உடனே கீழ் மேல் கீழ். இதை எகானமி பிக்கிங் என்பார்கள். கிட்டார் கலைஞர் ஃப்ராங்க் கம்பாலே இந்த வழியில் வெகுதூரம் போனவர். இதில் தாளம் அவசரப்படும், அதைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவது, ஸ்கேலின் நடுவில் சாய்வையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு மணிக்கட்டைப் பழக்குவது. இதுதான் சுத்தமான ஆல்டர்நேட் பிக்கிங் (கீழ், மேல் என்று மாறி மாறி மட்டுமே அடிப்பது), இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். முதலில் முதல் வழியை எடுங்கள் என்பேன். ஒரு வாரத்துக்குள் 125-ல் உங்கள் ஸ்கேல் ஓடுவதை உங்கள் காதே கேட்டுவிட்டால், குட்டை விரல் என்ற பயம் போய்விடும். பயம் போன கை நன்றாகக் கற்கும்.

அடுத்து, இரண்டு இரண்டாக ஏற்றும் முறை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 60-லிருந்து 100 வரை உங்களை அதுதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் அந்த ஏணிக்கு உயரம் அவ்வளவுதான். வங்கிப் படிவத்தில் கட்டம் கட்டமாகப் பெயர் நிரப்புகிறோம், கீழே கையெழுத்தும் போடுகிறோம். இரண்டும் அதே பெயர்தான். ஆனால் கட்டத்தில் நிரப்புவதை எவ்வளவு வேகப்படுத்தினாலும் அது கையெழுத்தாக மாறாது, ஏனென்றால் கை செய்யும் வேலையே வேறு. மெதுவான ஸ்கேலில் ஒவ்வொரு அடியும் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்குகிறது. வேகத்தில் நிற்பதற்கு இடமே இல்லை, கை ஊஞ்சல் போலப் போய்த் திரும்ப வேண்டும். அந்த வேக அசைவை ஒருமுறைகூடச் சந்திக்காமல், மெதுவான அசைவையே 112 வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

அதனால் கொஞ்ச நாள் தலைகீழாகச் செய்யுங்கள். மெட்ரோனோமை 144-க்கு வையுங்கள். முழு ஸ்கேல் வேண்டாம். ஒரே கம்பியில் ஐந்து நோட்: 7, 9, 10, 9, மறுபடி 7. நாலு நோட் ஒரு பீட்டை நிரப்பும், ஐந்தாவது அடுத்த பீட்டின் மேல் போய் உட்கார வேண்டும். அதோடு நிறுத்தி, மூன்று பீட் சும்மா இருங்கள். அந்த ஓய்வில் தோள், முழங்கை, கட்டைவிரல் மூன்றையும் தளர்த்துங்கள். மறுபடி ஐந்து. சுத்தமாக வர வேண்டிய அவசியம் முதல் சில நாட்களுக்கு இல்லை; ஐந்தாவது நோட் பீட்டின் மேல் விழுகிறதா என்பதை மட்டும் கேளுங்கள். விழ ஆரம்பித்ததும் ஒன்பது நோட்டாக நீட்டுங்கள். பிறகு ஒரு கம்பித் தாண்டலைச் சேருங்கள். இதைச் செய்த பிறகு 90-க்கு இறங்கி முழு ஸ்கேலையும் ஒருமுறை வாசித்தால், 90 மிக விசாலமாகத் தெரியும். மெதுவாக வாசிப்பதை விடச் சொல்லவில்லை. 50-லும் 60-லும் வாசிக்க வேண்டும், அங்கேதான் ஒலியின் தரம் கேட்கும். 110-லிருந்து 116 வரை உள்ள அந்த இடுக்கில் போய் முட்டிக்கொண்டிருப்பதை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

இங்கே நம் ஊர்ப் பாட்டு வகுப்பில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். கிட்டாருக்கு வருவதற்கு முன் சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவன் நான். மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரளி வரிசை என்ற முதல் பாடம், ஆதி தாளம், மூன்று காலம் (மூன்று வேகம்). முதல் காலத்தில் தாளத்தின் ஓர் அட்சரத்துக்கு (ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. டீச்சரின் தொடையில் விழும் தாளம் மாறவே மாறாது. அந்த முறையில் 62, 64, 66 என்ற படிக்கட்டே கிடையாது. ஒன்று, இரண்டு, நாலு என்று இரட்டிப்புதான். குழந்தைக்கு மூன்றாம் காலம் முதலில் உளறும். ஆனால் தாளம் மட்டும் உள்ளே ஆணி அடித்தாற்போல் நிற்கும். மெட்ரோனோம் மாணவர்களில் பலருக்கு இந்த ஆணிதான் இல்லை. வேகத்தைக் கூட்டும்போது பீட்டே ஓடத் தொடங்குவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது, உடனே உடம்பும் பதறுகிறது. நீங்கள் மெட்ரோனோமை 66-ல் வைத்துவிட்டு, அதை மாற்றாமல், ஒரே ஸ்கேலை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆறு என்று வாசித்துப் பாருங்கள். 66-ல் பீட்டுக்கு ஆறு என்பது, பீட்டுக்கு நாலு கணக்கில் 99-க்குச் சமம். உங்களுக்கு ஏற்கெனவே வந்த வேகம்தான், ஆனால் பீட் நிதானமாக இருப்பதால் கை பதறாது. பிறகு 76-க்கு நகர்த்துங்கள். ஆறு வாசிக்கும்போது நீங்கள் 114-ல் இருக்கிறீர்கள், அந்தச் சுவரைத் தாண்டியதே தெரியாமல்.

இன்னும் ஒன்று, ஜண்டை வரிசை. ஸஸ ரிரி கக மம. உங்கள் மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான், அதிலேயே வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை: கீழடி ஒன்று, மேலடி ஒன்று. வலது கை ஓடும் வேகத்தில் பாதிதான் இடது கைக்கு. அதோடு எல்லாக் கம்பித் தாண்டலும் மேலடிக்குப் பிறகே வருகிறது. ஆகவே வலது கையை மட்டும் தனியே வேகப்படுத்த இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் எந்த மேற்கத்தியப் பாடப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. பாட்டில் ஜண்டையின் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம் கொடுப்போம். அதை அப்படியே கிட்டாரில் கொண்டுவந்தால் அழுத்தம் மேலடியில் விழும். கிட்டார்காரர்களில் பெரும்பாலோருக்குப் பலவீனமான அடி அதுதான். இரண்டு வாரம் இப்படிப் பழகிய பிறகு உங்கள் மேலடியின் ஒலி கீழடிக்குச் சமமாகிறதா என்று பதிவு செய்து கேளுங்கள். பிக்கைக் கொண்டு நம் இசையை எந்த வேகத்துக்கும் எந்தத் தெளிவுக்கும் கொண்டுபோகலாம் என்பதை மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டதில்லை என்றால் தயவுசெய்து கேளுங்கள், வேகத்துக்குள் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்து ஒலிப்பது எப்படி இருக்கும் என்று காது தெரிந்துகொள்ளும்.

இனி இடது கை. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை இல்லை. மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, நீண்ட நாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. சின்னத் தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. புறங்கையில் மோதிரவிரலின் நாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்குப் பட்டைகளால் இணைந்திருக்கிறது. அதனால் மோதிரவிரல் அசையும்போது சுண்டுவிரலும் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அது எல்லா மனிதக் கைக்கும் உள்ளது. அதை ஒரு மில்லிமீட்டருக்குள் அடக்கிவைக்கப் போராடுவது இன்னொரு இறுக்கத்தை வரவழைக்கும். சுண்டுவிரல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழுந்து கம்பி போல விறைத்து நின்றால் மட்டும் கவலைப்படுங்கள். அது பெரும்பாலும் அளவுக்கு மீறி அமுக்குவதன் அடையாளம். ஒரு சின்னச் சோதனை: விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து, பிக்கால் அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் மொக்கையாக டக் டக் என்று கேட்கும். மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். டக் என்பது கரகரப்பாக மாறி, பிறகு ஒரு கணத்தில் சுத்தமான நோட்டாகத் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். ஃப்ரெட்டை ஒட்டினாற்போல விரல் இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். இதை முதல்முறை செய்யும் மாணவர்கள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், இவ்வளவு லேசாகவா என்று.

குட்டை விரல் பற்றி. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-ல் தீ விபத்தில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பெரும்பாலும் செயலிழந்தன. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவர் வாசித்த சோலோக்களின் வேகம் இன்றைக்கும் பலருக்கு எட்டாதது. அவர் மேதை, நாம் அப்படி இல்லை என்பது சரிதான். ஆனால் விரலின் நீளமும் எண்ணிக்கையும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவர் ஒருவர் போதும். உங்களுக்கு நடைமுறையில் உதவுவது வேறு. கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டராக உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் 36 மில்லிமீட்டர், ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் 27, பன்னிரண்டைத் தாண்டினால் 18. நீங்கள் முதல் ஃப்ரெட்டிலிருந்து ஸ்கேல் பழகுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போய்ப் பழகுங்கள். அங்கே வேகம் வந்த பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வரலாம்.

கிட்டாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், அகூஸ்டிக்காக இருந்தாலும், அது தேவையில்லாத பாரம். சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் ஒரு நாளில் முடியும் வேலை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து இந்த உயரம் ஏறும். நவம்பரில் திடீரென்று கை கனத்தால் உங்களை நீங்களே நொந்துகொள்வதற்கு முன் அளந்து பாருங்கள்.

இதுவரை சொன்னதில் கம்பித் தாண்டலும் அழுத்தமும் எனக்குச் சந்தேகமே இல்லாதவை. கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். பயிற்சி நேரம் பற்றிச் சொல்லப்போவது அவ்வளவு உறுதியானதல்ல. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே. தூக்கத்தில் மூளை பாடத்தைப் பதிக்கிறது என்று அதை விளக்கினார்கள். பின்னால் வந்த சிலர், அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி முந்தைய நாள் களைப்பு நீங்கியதால் தெரிவது என்று வாதிட்டார்கள். வாதம் எப்படி முடிந்தாலும் உங்களுக்கான ஆலோசனை ஒன்றுதான்: களைத்த கையோடு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேண்டாம். காலையில் பதினைந்து நிமிடம், இரவு இருபது நிமிடம் இரண்டு தடவை, நடுவில் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். மிச்ச நேரத்தில் பாட்டு வாசியுங்கள். பயிற்சிகளைக் கலந்து செய்வதற்கு வலுவான ஆதாரம் உண்டு: 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையில், ஒரே வேலையை வரிசையாகத் திருப்பித் திருப்பிச் செய்தவர்கள் அப்போதைக்கு நன்றாகச் செய்தார்கள், கலந்து கலந்து செய்தவர்களுக்குத்தான் பிறகு நினைவில் நின்றது. அவர்கள் சோதித்தது மரத்தடைகளைக் கையால் தட்டிவிடும் வேலை, கிட்டார் அல்ல. ஆனால் என் வகுப்பில் கண்டதும் அதையே ஒத்திருக்கிறது. ஒரே ஸ்கேலை நாற்பது தடவை ஓட்டுபவர் அன்று மாலை பிரமாதமாக வாசிப்பார், மறுநாள் காலை பாதி காணாமல் போயிருக்கும்.

கையால் அமுக்கும் ஸ்பிரிங் கருவி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அது பிடியை வலுப்படுத்தும். உங்களுக்குக் குறைவது வலு அல்ல. 1-2-3-4 என்று ஃப்ரெட் ஃப்ரெட்டாக நகரும் சிலந்திப் பயிற்சியும் ஆரம்பத்தில் விரலை எழுப்புவதற்குச் சரி, இரண்டு வருடத்துக்குப் பிறகு அதனால் வரும் லாபம் சிறிது. 26 வயதில் தொடங்கியதால் எவ்வளவு இழந்தீர்கள் என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஆறு வயதில் தொடங்கியவரோடு ஒப்பிட்டால் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கலாம், நொடிக்குப் பதினைந்து நோட் என்ற இடத்தில் அது தெரியலாம். நீங்கள் நிற்பது ஏழரையில். இங்கே வயது பேசவில்லை.

முன்கை கல்லாவது பற்றி நான் மருத்துவராகப் பேச முடியாது. ஆனால் இதைக் கடந்து போக மனம் வரவில்லை. எனக்கு 23 வயதிருக்கும்போது ஒரு தேர்வுக்காகத் தினமும் ஐந்து மணி நேரம் ஸ்கேல் வாசித்தேன். "வலித்தால்தான் வளரும்" என்று அப்போது எனக்குச் சொல்லித்தந்தவர் சொன்னார், நானும் நம்பினேன். ஒரு நாள் காலை இடது கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. மூன்று மாதம் கிட்டாரைத் தொடவில்லை. தேர்வும் போயிற்று. வேலை செய்த தசையில் வரும் லேசான அசதி வேறு. எரிச்சல், மரத்துப்போதல், இரவில் விரல் நுனி குறுகுறுப்பது வேறு. இரண்டாவது வகையில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் கட்டுப்பாட்டை இழந்து பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டார். காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள். பியானோ மேதை லியோன் ஃப்ளைஷருக்கு 1964 வாக்கில் வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொண்டன. பல பத்தாண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றையே வாசிக்க வேண்டியிருந்தது. ஃபோக்கல் டிஸ்டோனியா என்ற நரம்பியல் கோளாறு அது, அபூர்வமானது. உங்களுக்கு அது இருப்பதாக நான் துளியும் சொல்லவில்லை. வலி இல்லாமலே ஒரு விரல் மட்டும் தானாகச் சுருண்டுகொண்டால், கூடுதல் பயிற்சியால் அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கையை நான் பார்க்கவில்லை. கம்பித் தாண்டல்தான் சிக்கல் என்பது எழுத்தை வைத்துச் செய்த ஊகம். மேலே சொன்ன நாலு சோதனைகளில் முதலாவதே 120-ல் உடைந்தால் என் கணிப்பு தவறு, அப்போது பிக்கைப் பிடிக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். பிக் மெலிதாக, வளைகிறாற்போல் இருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதை வாங்கிப் பாருங்கள். வளைந்த பிக் நிமிர்ந்து வர எடுக்கும் நேரமும் அந்த 134 மில்லிசெகண்டிலிருந்துதான் போகிறது. இன்று இரவு ஸ்கேல் வேண்டாம். கிட்டாரின் தலைப்பக்கம் நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்தி, 100-லும் 116-லும் ஒவ்வொரு முறை வாசித்து ஸ்லோமோஷனில் பிடியுங்கள். இடது கையைப் பார்க்கத்தான் கண் போகும், அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கம்பியின் மூன்றாவது அடி முடிந்ததும் பிக்கின் நுனி கம்பிகளுக்கு மேலே இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு எழுதுங்கள். எந்தக் கம்பியில் மாட்டுகிறது என்று தெரிந்தால், அந்த ஒரு தாண்டலுக்கு என்ன செய்வது என்று குறிப்பாகச் சொல்கிறேன்.